விரிசல் விட்ட கான்கிரீட்டில் ஆங்கர் இழுவைச் சோதனை: ஸ்லாப் வார்ப்பதிலிருந்து கூம்பு பெயர்வது வரை

கான்கிரீட்டில் துளையிட்டுப் பொருத்தும் ஆங்கர் போல்ட்டை இழுத்துச் சோதிப்பது என்றதும் ஜாக், சுமையை அளக்கும் லோட் செல், போல்ட்டோடு உடைந்து பெயரும் கான்கிரீட் கூம்பு இவைதான் கண்முன் வரும். அந்த இழுவை இரண்டு நிமிட வேலை. சரியான இடத்தில், சரியான அகலத்தில், அடிவரை ஒரே சீராக ஒரு விரிசலை உண்டாக்கி, அதை அளந்து, இழுக்கும் நேரம் முழுக்கக் கையில் வைத்திருப்பதுதான் வேலை. விரிசல் சரியில்லை என்றால் வந்த எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் எதற்கும் ஆகாது.

விரிசலில் ஏன் சோதிக்க வேண்டும்? கம்பி கட்டிய கான்கிரீட் விரிசல் விடுவது பழுது அல்ல, அதன் இயல்பு. விரிசல் விட்ட பிறகுதான் கம்பி முழுதாக வேலைக்கே வருகிறது. இந்தியக் கான்கிரீட் நெறியான ஐ.எஸ். 456 சாதாரணச் சூழலில் 0.3 மி.மீ. வரை மேற்பரப்பு விரிசலை ஏற்கிறது. பைப் சப்போர்ட், டக்ட், கேபிள் டிரே எல்லாம் தொங்குவது ஸ்லாபின் அடிப்பக்கத்தில், அதாவது இழுவிசை வந்து விரிசல் விடும் பக்கத்திலேயே. போதாததற்கு, ட்ரில் போட்ட துளை ஒரு பலவீனமான புள்ளி. பக்கத்தில் வரும் விரிசல் அந்தத் துளையைத் தேடிக்கொண்டு வரும். ஷட்டரிங் பிரித்த கையோடு, சுமையே ஏறாத புது ஸ்லாபில் நாலு போல்ட்டை இழுத்துப் பார்த்து "பாஸ்" என்று எழுதும் சைட் சோதனை, போல்ட் ஒழுங்காகப் பொருத்தப்பட்டதா என்பதை மட்டும் சொல்லும். கட்டடம் சுமை தாங்கத் தொடங்கிய பின் அது நிற்குமா என்று சொல்லாது.

இங்கே எடுத்துக்கொள்வது 12 மி.மீ. தண்டுள்ள எம்12 வெட்ஜ் ஆங்கர் (இழுக்கும்போது அதன் கூம்பு முனை தன்னைச் சுற்றியுள்ள கிளிப்பை விரித்துத் துளைச் சுவரைப் பிடிக்கும் வகை), செயல்படும் ஆழம் 70 மி.மீ., கான்கிரீட் சி20/25 (உருளைத் துண்டில், அதாவது சிலிண்டரில் 20, கனசதுரக் கட்டியில், அதாவது கியூபில் 25 மெகாபாஸ்கல் வலிமை). இழுக்கும் முன்பே என்ன எதிர்பார்ப்பது என்று கணக்குப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய நெறியான ஈ.என். 1992-4 தரும் கூம்பு வலிமைச் சூத்திரத்தில் விரிசல் உள்ள கான்கிரீட்டுக்குக் கெழு 7.7, விரிசல் இல்லாததற்கு 11. அதை சிலிண்டர் வலிமையின் வர்க்கமூலத்தாலும் ஆழத்தின் 1.5 அடுக்காலும் பெருக்கினால், முறையே 20.2, 28.8 கிலோநியூட்டன் வரும். இவை வடிவமைப்புக்கான குறைந்தபட்ச மதிப்புகள். சோதனையில் கிடைக்கும் சராசரி இதற்கு மேலே இருக்கும். கியூப் வலிமை 30 என்றால் விரிசலில் 30 கிலோநியூட்டனை ஒட்டியும், விரிசல் இல்லாமல் 43-ஐ ஒட்டியும் எதிர்பார்க்கலாம். இந்த இரண்டு எண்களையும் சோதனைத் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். பிறகு ஏதாவது கோணலாக நடந்தால் முதலில் காட்டிக்கொடுப்பவை இவைதான்.

ஸ்லாப்

நீளம் 2000, அகலம் 500, தடிமன் 200 மி.மீ. எடை ஏறத்தாழ 500 கிலோ, ஒரு டன் செயின் பிளாக் போதும். நீளவாக்கில் 500, 1000, 1500 மி.மீ.-களில் மூன்று விரிசல் கோடுகள், கோட்டுக்கு ஒரு ஆங்கர், நட்ட நடுவில். நீளவாக்குக் கம்பி 12 மி.மீ. எஃப்.இ.500 (500 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக நீளத் தொடங்கும் எஃகு), மேலே நான்கு, கீழே நான்கு. மொத்தம் 905 சதுர மி.மீ., அதாவது 0.9 சதவீதம். கம்பிகளைச் சமதூரத்தில் போடக் கூடாது. ஒரு பக்க விளிம்பிலிருந்து 45, 140, 360, 455 மி.மீ. என்று போட்டால் நடுவில் 220 மி.மீ. வெற்றிடம் கிடைக்கும். 70 மி.மீ. ஆழ ஆங்கரின் கூம்பு மேற்பரப்பில் 105 மி.மீ. ஆரம் வரை விரியும். மிக அருகிலுள்ள கம்பி 110 மி.மீ. தள்ளி இருப்பதால் கூம்பைத் தொடாது. கம்பி கூம்புக்குள் வந்துவிட்டால் அது கூம்பைத் தைத்துப் பிடிக்கும். நாம் அளப்பது கான்கிரீட்டை அல்ல, கம்பியை என்றாகிவிடும்.

ஒவ்வொரு விரிசல் கோட்டின் இருபுறமும் 150 மி.மீ. வீதம், மொத்தம் 300 மி.மீ. நீளத்துக்கு எல்லாக் கம்பிகளின் மேலும் 20 மி.மீ. பி.வி.சி. கன்ட்யூட் மாட்டி, இரு முனையையும் டேப் சுற்றி அடைக்க வேண்டும். இதை விட்டுவிட்டு வார்ப்பவர்கள் உண்டு. பிறகு விரிசல் 0.3-க்குப் போகும்போது பக்கத்தில் இரண்டாவது விரிசல் கிளம்பும், விரிசலைத் திறக்கத் துளையில் இறக்கும் ஆப்பை எடுத்தாலும் மூடாது. கன்ட்யூட் போட்ட இடத்தில் கம்பி கான்கிரீட்டைப் பிடிக்காமல் வெறும் ஸ்பிரிங்காக வேலை செய்யும். 0.3 மி.மீ. திறந்தால் 300 மி.மீ. நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீட்சி, கம்பியில் 200 மெகாபாஸ்கல். 0.5 திறந்தால் 333. எஃப்.இ.500 இரண்டையும் நிரந்தரமாக நீளாமல் தாங்கித் திரும்பும். இதே கன்ட்யூட் 200 மி.மீ. மட்டும் இருந்தால் 0.5-இல் 500 மெகாபாஸ்கல், கம்பி நிரந்தரமாக நீண்டுவிடும்.

ஆப்புத் துளைகள் கோட்டுக்கு இரண்டு, விளிம்பிலிருந்து 93 மி.மீ.-இல், இரண்டு கம்பிகளுக்கு நடுவே. 40 மி.மீ. பி.வி.சி. பைப்பில் கிரீஸ் பூசி நிறுத்தி, வார்த்த மறுநாள் திருகி உருவிவிட வேண்டும். உள்ளேயே விட்டால் பி.வி.சி. நசுங்கும், ஆப்பு இறங்கிக்கொண்டே போகும், விரிசல் திறக்காது. துளைக்கும் விளிம்புக்கும் இடையே 70 மி.மீ. அகல ஜி.ஐ. தகடு, 1 மி.மீ. தடிமன், முழு உயரத்துக்கு, கம்பி நுழையக் காடி வெட்டியது. விரிசல் எந்தக் கோட்டில் போக வேண்டும் என்று வழிகாட்டுவது இதுதான். ஆங்கர் இருக்கும் நடுப்பகுதியில் தகடு வைக்கவே கூடாது. அங்கே விரிசல் தானாக, ஜல்லியைச் சுற்றிச் சுற்றித்தான் போக வேண்டும்.

கான்கிரீட்டில் கவனிக்க வேண்டியது, அது வலுவாகிவிடக் கூடாது. சி20/25 சோதனைக்குக் கியூப் சராசரி 25-க்கும் 35-க்கும் இடையே வேண்டும். ரெடிமிக்ஸில் எம்25 கேட்டால் கொடுப்பவர் பாதுகாப்புக்காகச் சேர்த்தே கொடுப்பார், 28 நாளில் 35-ஐத் தாண்டுவது சாதாரணம். ஃபிளை ஆஷ் கலந்ததும் வேண்டாம். சோதனை நெறிகள் வெறும் போர்ட்லண்ட் சிமென்டைத்தான் ஏற்கின்றன. சின்ன மிக்சரில் நாமே கலப்பது நல்லது. ஸ்லாபுக்கும் ஆறு கியூபுக்கும் சேதாரத்துக்கும் சேர்த்து 0.24 கன மீட்டர்: ஓ.பி.சி. சிமென்ட் 72 கிலோ, தண்ணீர் 43 லிட்டர், மணல் 182 கிலோ, 20 மி.மீ.-க்கு உட்பட்ட ஜல்லி 274 கிலோ. எம் சாண்ட் ஈரமாக வந்திருந்தால் அந்த ஈரத்தைத் தண்ணீரில் கழிக்க மறக்கக் கூடாது. கியூப்களை ஸ்லாபோடு அதே கோணிச்சாக்குக்குக் கீழே வைத்து க்யூரிங் செய்யுங்கள். தொட்டித் தண்ணீரில் மூழ்கவிட்ட கியூப் ஸ்லாபின் வலிமையைச் சொல்லாது. விரிசல் இல்லாத ஒப்பீட்டுச் சோதனைக்குத் தனி ஸ்லாப் ஒன்றும் இதே கலவையில் வார்க்க வேண்டும். அதே ஸ்லாபில் கோடுகளுக்கு நடுவே இழுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கூம்பு பெயர்ந்த பள்ளம் குறுக்குவெட்டைக் குறைத்து, பிறகு விரிசலைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

முதல் விரிசல்

ஆப்பு என்பது இரண்டு பாகம். வெளியே 39.5 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குழல், உள்ளே சரிவாகக் கடைந்து, நீளவாக்கில் இரண்டாக அறுத்தது. உள்ளே போகும் முளை அதே சரிவில், 20 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. விட்டம் கூடுவது. குழலின் அறுப்பு விரிசல் கோட்டின் தளத்திலேயே இருக்க வேண்டும், திரும்பியிருந்தால் விரிசலும் திரும்பும். கணக்குப்படி முளை 10 மி.மீ. இறங்கினால் 0.5 மி.மீ. திறப்பு. துளைக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளியும் கான்கிரீட்டின் நசுக்கமும் சேர்ந்து அதைவிட அதிகம் இறக்கத்தான் வேண்டியிருக்கும். எனவே முளையின் இறக்கத்தை வைத்து விரிசலை ஊகிக்க வேண்டாம்.

சுத்தியலால் அடிக்கலாம். ஆனால் ஆங்கர் பொருத்திய பிறகு அடிக்கும் ஒவ்வொரு அடியும் ஆங்கரையும் உலுக்கும். சின்ன ஹைட்ராலிக் ஜாக்கால் அழுத்தி இறக்குவதே சரி. 0.3 மி.மீ.-க்குக் கம்பிகளில் மொத்தம் 181 கிலோநியூட்டன், துளைக்கு 90. கிரீஸ் போட்ட சரிவில் அதற்கு முளையின் தலையில் 30 கிலோநியூட்டன் அளவு அழுத்தம் போதும்.

ஆப்பு ஏன், பக்கவாட்டில் ஜாக் வைத்துப் பிளந்தால் ஆகாதா என்று கேட்கலாம். கான்கிரீட் பிளக்கும் நொடியை நினைத்துப் பாருங்கள். தகடும் துளையும் போக மீதமுள்ள நடுப்பகுதி 280 மி.மீ. அகலம். அது பிளக்க 120 கிலோநியூட்டன் போல வேண்டும். பிளந்ததும் அந்த விசை முழுதும் ஒரே தாவலில் கம்பிக்குப் போகும். ஜாக்கில் அழுத்தம் அப்படியே நின்றால் விரிசல் மயிரிழையில் நிற்காது, ஒரே அடியாக 0.2 மி.மீ.-க்கு ஓடிவிடும். ஆப்பில் அப்படியில்லை. திறந்த அளவுக்கு விசை தானே விழுந்துவிடும், விரிசல் நாம் விட்ட இடத்தில் நிற்கும். "டப்" என்ற மெல்லிய சத்தம் கேட்டதும் நிறுத்தி, முளைகளைக் கீழிருந்து தட்டி வெளியே எடுத்தால் கம்பிகள் விரிசலைச் சுருக்கி மயிரிழைக்குக் கொண்டுவரும். இதற்காகத்தான் ஸ்லாபைத் தரையில் கிடத்தாமல் ஸ்டாண்டில் ஏற்றி வைப்பது.

மயிரிழை விரிசல் வறண்ட பரப்பில் கண்ணுக்குத் தெரியாது. ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுக் காத்திருங்கள். பரப்பு அரை நிமிடத்தில் வெளுத்துக் காய்ந்துவிடும், விரிசல் மட்டும் கருநிற நூல் போல ஈரமாகவே கிடக்கும். காய்வதற்குள் கூர்மையான பென்சிலால் அதன் மேலேயே வரைந்துகொள்ள வேண்டும். பக்கவாட்டு முகங்களிலும் அடிப்பக்கத்திலும் இதையே செய்து, விரிசல் செங்குத்தாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மேலே நடுவில் ஓடி, கீழே 30 மி.மீ. தள்ளி வெளியேறும் விரிசல் என்றால் அந்தக் கோட்டில் ஆங்கர் போட்டுப் பயனில்லை.

துளையும் முறுக்கும்

பென்சில் கோட்டின் மேல் ட்ரில் நுனி வைக்க வேண்டும். புது பிட்டின் வெட்டுமுனை விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து எழுதுங்கள். 12 மி.மீ. என்று விற்பதெல்லாம் 12 அல்ல. நடுத்தர அளவு 12.3-ஐ ஒட்டி இருக்கும், தேய்ந்தது 12.1-க்கு வரும். இந்த வித்தியாசம் விரிசலின் அகலத்தோடு ஒப்பிடக்கூடியது என்பதை மறந்துவிடக் கூடாது. கருங்கல் ஜல்லியில் பிட் மோதினால் சறுக்கி விரிசலை விட்டு விலகும். முதல் 10 மி.மீ. ஹேமர் இல்லாமல் மெதுவாகச் சுற்றவிட்டால் வழி பிடித்துக்கொள்ளும். துளையிடும்போதே வாக்குவம் உறிஞ்சும் பிட் இருந்தால் நல்லது. தூள் விரிசலுக்குள் போய் அடைத்துக்கொண்டால் பின்னால் விரிசலை மூட முடியாது. என்95 மாஸ்க் இல்லாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது, சிலிகாத் தூள் நுரையீரலில் தங்கிவிடும்.

ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதிய பிறகு துளைக்குள் பார்க்கும் குழாய்க் கேமராவான போரஸ்கோப்பை இறக்கிப் பாருங்கள். துளையின் இரு சுவரிலும், எதிரெதிராக, அடிவரை விரிசல் தெரிய வேண்டும். ஒரு சுவரில் மட்டும் தெரிந்தாலோ, 40 மி.மீ.-க்குக் கீழே காணாமல் போனாலோ அந்தத் துளையை விட்டுவிட வேண்டியதுதான். ஒரு கோட்டுக்கு ஒரே ஆங்கர், துளை தவறினால் கோடே வீண். வருத்தமாக இருக்கும். ஆனாலும் இந்த இடத்தில் இரக்கம் காட்டக் கூடாது. விரிசலைத் தொடாத ஆங்கர் 40 கிலோநியூட்டன் காட்டும், சராசரியை உயர்த்தும், சிதறலையும் கூட்டும்.

ஆங்கரை அடித்து இறக்கி, தயாரிப்பாளர் தாளில் சொன்ன முறுக்கை டார்க் ரெஞ்சில் கொடுக்க வேண்டும். எம்12-க்குப் பெரும்பாலும் 50 முதல் 60 நியூட்டன் மீட்டர். பத்து நிமிடம் கழித்து நட்டைத் தளர்த்திப் பாதி முறுக்குக்குக் கொண்டுவர வேண்டும். காலப்போக்கில் முறுக்கு தானாகத் தளர்வதை இது ஈடுகட்டுகிறது. முழு முறுக்கோடு இழுத்தால் வரைபடத்தின் தொடக்கம் பொய்யாக விறைப்பாக இருக்கும்.

இனி விரிசல் மானிகள். 0.01 மி.மீ. டயல் கேஜும் போதும், மின்னணு நகர்வுமானியான எல்.வி.டி.டி. இருந்தால் மேல். ஆங்கருக்கு இருபுறமும் விரிசலின் குறுக்கே, ஆங்கரிலிருந்து 120 மி.மீ. தள்ளி ஒட்ட வேண்டும். 105-க்குள் ஒட்டினால் கூம்பு பெயரும்போது மானியும் சேர்ந்து எழும்பும். 137-க்கு அப்பால் ஆப்புத் துளை. கிடைப்பது அந்த முப்பது மி.மீ. சந்துதான். அடிப்பக்கத்திலும் இரண்டு வையுங்கள். பொருத்தியபின் உள்ள நிலையைச் சுழியாக வைத்து, அங்கிருந்து 0.3 மி.மீ. கூடும்வரை இரண்டு முளைகளையும் மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். ஒரு பக்கம் 0.36, மறுபக்கம் 0.24 என்று நின்றால் சராசரி 0.3 வரும். ஆனாலும் அது சரியான விரிசல் அல்ல. மேலே 0.3, கீழே 0.1 என்றாலும் அப்படியே, ஏனென்றால் ஆங்கரின் விரியும் கிளிப் நிற்பது 70 மி.மீ. ஆழத்தில். அங்கே எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே கேள்வி. குறைந்த பக்கத்து முளையைத்தான் மேலும் இறக்க வேண்டும், கூடிய பக்கத்தைப் பின்னுக்கு இழுத்துச் சரிசெய்ய முயன்றால் கிரீஸ் போட்ட ஆப்பு திடீரென்று விடும்.

இழுவை

இழுக்கும் ஜாக் உட்காரும் ரியாக்ஷன் பீமின் கால்கள் விரிசலுக்கு இருபுறமும், ஆங்கரிலிருந்து 165 மி.மீ. மையத்தில், 50 மி.மீ. அகலம். உள்விளிம்பு 140, அதாவது ஆழத்தின் இரு மடங்கு. இதைவிட நெருங்கினால் கால் கூம்பை அமுக்கிப் பிடிக்கும், சுமை பொய்யாக ஏறும். மிகத் தள்ளிப் போனால் ஸ்லாப் மேல்நோக்கி வளைந்து விரிசலைத் தானே திறக்கும். இந்த அளவில் 30 கிலோநியூட்டனுக்கு வளைவால் கூடும் திறப்பு 0.02 மி.மீ. அளவுதான் என்று கணக்கு வருகிறது, பொறுத்துக்கொள்ளலாம். இழுகம்பியின் அடியில் உருண்டை வாஷர் போடுங்கள். ஜாக் ஒரு டிகிரி சாய்ந்தாலும் போல்ட் வளைந்து ஒரு பக்கக் கிளிப் மட்டும் வேலை செய்யும். ஜாக்கைச் சங்கிலியால் பீமோடு கட்டிவிட வேண்டும். கூம்பு பெயரும்போது எல்லாம் மேலே எகிறும்.

சுமை நிமிடத்துக்கு 15 கிலோநியூட்டன் வேகத்தில், உச்சம் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள். ஆங்கரின் நகர்வு, சுமை, நான்கு விரிசல் மானிகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும். வரைபடம் படிப்பதில்தான் ருசியே. நல்ல வெட்ஜ் ஆங்கரில் சுமை ஏற ஏறக் கோடு கொஞ்சம் சாயும், மறுபடி நிமிரும். விரிசல் திறந்ததால் துளை அகன்றுவிட்டது. கூம்பு வடிவ முனை கிளிப்புக்குள் மேலும் ஏறி அதை மறுபடி விரிக்கிறது. அந்தச் சாய்வும் நிமிர்வும் அதன் தடம். இந்தத் தொடர்விரிவு இல்லாத ஆங்கரில் கோடு படுத்துவிடும், சுமை ஏறாமல் நகர்வு மட்டும் ஓடும். விரிசல் கான்கிரீட்டில் உச்சச் சுமையின் 70 சதவீதத்துக்குக் கீழே இப்படி வழுக்கினால் அந்த எண்ணைக் குறைத்தே எடுக்க வேண்டும்.

பெயர்ந்த துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கூம்பு விரிசல் கோட்டில் இரண்டு பாதியாகப் பிரிந்தே வரும். விரிசலின் முகம் பழுப்பாக, தூள் படிந்து மங்கலாக இருக்கும். புதிதாக உடைந்த சரிவு வெளிறிக் கூர்மையாக இருக்கும். துளையின் அரைவட்டச் சுவரில் கிளிப் கீறிய பளபளப்பான கோடுகள் தெரியும். அவை 2 மி.மீ. நீளம் என்றால் கிளிப் பிடித்துக்கொண்டது, கூம்பு பெயர்ந்தது. 15, 20 மி.மீ. நீளம் என்றால் முதலில் வழுக்கி, பிறகுதான் மேலே சின்னக் கூம்பு உடைந்திருக்கிறது. தாளில் இரண்டையும் "கூம்பு உடைவு" என்று எழுதிவிட்டால் உண்மை மறைந்துபோகும்.

கணக்கு

வந்த சுமையை வலிமைக்குச் சரிசெய்ய வேண்டும். சோதனை நாளில் கியூப் 30 என்றால் 25-க்குக் கொண்டுவர 0.913-ஆல் பெருக்கவும். ஐந்து சோதனைக்கு, 90 சதவீத நம்பிக்கையில் கீழ் 5 சதவீத மதிப்பு எடுக்கும் கெழு 3.40, பத்துக்கு 2.57. சராசரி 30, சிதறல் (எண்கள் சராசரியிலிருந்து விலகும் அளவு) 10 சதவீதம் என்று வைத்து, அதன் 3.40 மடங்கைச் சராசரியிலிருந்து கழித்தால் ஐந்தில் 19.8 கிடைக்கும். சிதறல் 15 ஆனால் அதே சராசரிக்கு 14.7தான். ஆங்கர் மாறவில்லை, கான்கிரீட் மாறவில்லை. விரிசலைச் சீராகப் பிடிக்காததற்கு ஐந்து கிலோநியூட்டன் அபராதம்.

வேறு வகை ஆங்கர்களுக்கும் இதே ஸ்லாப்தான், நடத்தை மட்டும் வேறு. டிராப்-இன் ஆங்கர் பொருத்தும்போது எவ்வளவு விரிந்ததோ அவ்வளவே, விரிசல் திறந்தால் பின்தொடர அதற்கு வழியில்லை. பசையால் ஒட்டும் கெமிக்கல் ஆங்கரில் விரிசல் பசைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே புகுந்து ஒரு பக்க ஒட்டைப் பறிக்கும். தனிச் சோதனை இல்லாத பசைக்கு அமெரிக்க நெறியான ஏ.சி.ஐ. 318 கட்டடத்தின் உட்புறத்தில் ஒட்டு வலிமையாக விரிசல் இல்லாவிட்டால் 7 மெகாபாஸ்கல், இருந்தால் 2.1தான் தருகிறது. பசை வகைக்கு நீண்டகாலச் சுமைச் சோதனை தனியாக வேண்டும். பாஸ்டன் சுரங்கப்பாதையில் 2006 ஜூலை 10 அன்று கூரைப் பலகை விழுந்து காரில் சென்ற பெண் இறந்ததற்குக் காரணம் எபாக்ஸி மெதுவாக வழிந்து விட்டுக்கொடுத்ததுதான். குறுகிய நேர இழுவையில் அது தெரியவே தெரியாது.

கடைசிச் சோதனை, விரிசல் மூச்சுவிடுவது போலத் திறந்து மூடுவது. ஆங்கரில் பயன்பாட்டுச் சுமையைத் தொங்கவிட்டு (20.2-ஐ 1.5-ஆலும் 1.4-ஆலும் வகுத்தால் 9.6 கிலோநியூட்டன்), விரிசலை 0.1-க்கும் 0.3-க்கும் இடையே 1000 முறை அசைக்க வேண்டும். இதற்கு ஆப்பு உதவாது, தானே பூட்டிக்கொள்ளும். இருபக்க ஆக்சுவேட்டர் வேண்டும். ஐந்து நொடிக்கு ஒரு சுற்று என்றால் எண்பத்து மூன்று நிமிடம். ஒவ்வொரு திறப்பிலும் ஆங்கர் கொஞ்சம் மேலே வரும், மூடும்போது திரும்பாது. 20 சுற்றில் 2 மி.மீ.-க்குள், 1000 சுற்றில் 3 மி.மீ.-க்குள் நின்று, நகர்வும் சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டே வர வேண்டும். 600-ஆவது சுற்றுக்குப் பிறகு நகர்வு மறுபடி வேகமெடுத்தால் 3-ஐத் தொடாவிட்டாலும் நிறுத்தி, கிளிப்பைப் பிரித்துப் பாருங்கள். சுற்றுகள் முடிந்ததும் சுமையை இறக்கி, விரிசலை 0.3-இல் பிடித்து, உடையும்வரை இழுக்க வேண்டும். அசைக்காத விரிசலில் கிடைத்த சராசரியில் 90 சதவீதமாவது மிச்சமிருக்க வேண்டும்.